ரெஜிமென்ட் இல்லாத பட்டாலியன்: அமெரிக்காவின் 100-ஆவது காலாட்படைப் பட்டாலியனின் ஆள்கணக்கு

இரண்டாம் உலகப்போர் கால அமெரிக்கக் காலாட்படையில் பட்டாலியன் தனியாக நிற்கிற சமாச்சாரம் இல்லை. ஒரு ரெஜிமென்ட்டுக்கு மூன்று பட்டாலியன், எண்கள் 1, 2, 3, அவ்வளவுதான். ரேஷன், தோட்டா, பீரங்கி உதவி, அடிபட்டவனுக்குப் பதிலாக வரும் புது ஆள் என்று எல்லாமே மேலே உள்ள ரெஜிமென்ட் வழியாகத்தான் இறங்கி வரும். இந்த ஏற்பாட்டுக்குள் எங்கேயும் பொருந்தாத ஒரு பட்டாலியன் 1942 ஜூன் 12 அன்று கலிபோர்னியாவின் ஓக்லண்ட் துறைமுகத்தில் பதிவானது. எண் 100. மேலே ரெஜிமென்ட் கிடையாது, ரெஜிமென்ட்களைச் சேர்த்து வைக்கும் டிவிஷனும் கிடையாது, பெயரோடு ‘தனி’ என்று ஒரு ஒட்டு மட்டும். ஆட்கள் 1,432 பேர். அதிகாரிகளில் சிலரைத் தவிர, எல்லாரும் ஹவாயிலிருந்து வந்த ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள்.

இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பதக்கங்களை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். பதக்கங்கள் இருக்கின்றன, நிறையவே இருக்கின்றன, அதற்கும் வருவோம். ஆனால் இந்தப் பட்டாலியனின் வரலாறு புரிய வேண்டுமென்றால் ஆள்கணக்கைப் பின்தொடர்வதுதான் நல்ல வழி என்பது என் எண்ணம். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் மிஞ்சினார்கள், காலியான இடத்துக்கு ஆள் எங்கிருந்து வந்தது. இந்த மூன்றாவது கேள்விதான் முக்கியம். இனம் பார்த்துத் தனியாகப் பிரித்து வைத்த ஒரு படைக்கு மாற்று ஆளும் அதே இனத்திலிருந்துதானே வந்தாக வேண்டும்? ராணுவம் அதை முதலில் சரியாக யோசிக்கவில்லை. அந்த யோசிக்காத விஷயம் இத்தாலி மலையிலிருந்து வயோமிங் மாநிலத்து முள்வேலி முகாம் வரைக்கும் நீண்டது.

முதலில் ஹவாய். கரும்புத் தோட்ட வேலைக்கென்று வந்து தங்கிவிட்ட ஜப்பானியர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமாக, போர் தொடங்கும்போது அங்கே ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். தீவுகளின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். வந்த தலைமுறைக்கு அமெரிக்கக் குடியுரிமை வாங்கச் சட்டத்தில் வழியே இல்லை. அவர்களை ‘இஸ்ஸெய்’ என்பார்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகள், அதாவது ‘நிஸெய்’, பிறப்பால் குடிமக்கள். 1940-இல் கட்டாய ராணுவச் சேவை வந்தபோது இந்தப் பிள்ளைகளும் மற்றவர்களைப் போலவே சேர்க்கப்பட்டு, ஹவாய் தேசியக் காவல்படையின் 298, 299-ஆவது ரெஜிமென்ட்களில் மற்ற இனத்தவரோடு கலந்து இருந்தார்கள். அப்போது யாருக்கும் அதில் பிரச்சினை இல்லை.

1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர் தாக்குதல். அதற்கடுத்த நாட்களில் ஹவாய்க் கடற்கரைகளில் பதுங்குகுழி வெட்டி, முள்கம்பி இழுத்து, ஜப்பான் படை இறங்கினால் சுட வேண்டும் என்று காத்திருந்தவர்கள் இதே ரெஜிமென்ட்காரர்கள்தான். அந்தப் போரில் அமெரிக்கா பிடித்த முதல் ஜப்பானியப் போர்க்கைதி, குட்டி நீர்மூழ்கியிலிருந்து கரையொதுங்கிய கசுவோ சகமாகி. அவரைப் பிடித்தவர் 298-ஐச் சேர்ந்த டேவிட் அகுய் என்ற ஹவாய்ப் பூர்வகுடி வீரர். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே மேலிடத்தில் வேறொரு கவலை. எதிரி இறங்கிவிட்டால் நம் சீருடையில் இருக்கும் இந்த முகங்களுக்கும் அந்த முகங்களுக்கும் என்ன வித்தியாசம் கண்டுபிடிப்பது? இவர்கள் எந்தப் பக்கம் சுடுவார்கள்?

அமெரிக்கப் பெருநிலத்தில் இந்தச் சந்தேகத்துக்கு அரசு கொடுத்த பதில் எல்லாருக்கும் தெரிந்தது. 1942 பிப்ரவரி 19 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஆணை 9066, அதைத் தொடர்ந்து மேற்குக் கடற்கரையிலிருந்து சுமார் 1,20,000 பேர் முகாம்களுக்குள் அடைக்கப்பட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். ஹவாயில் அதைச் செய்ய முடியவில்லை. சமூகத் தலைவர்கள், பூசாரிகள், ஆசிரியர்கள் என்று சிலரைப் பிடித்து உள்ளே வைத்தார்களே தவிர, தோட்டத்திலும் துறைமுகத்திலும் கட்டுமானத்திலும் வேலை செய்கிற மூன்றில் ஒரு பங்கு ஜனத்தை மொத்தமாகத் தூக்கினால் தீவே நின்றுவிடும். பெருந்தன்மை எல்லாம் ஒன்றுமில்லை, நடைமுறைக் கணக்கு.

அப்படியானால் ஏற்கெனவே சீருடையில் இருப்பவர்களை என்ன செய்வது? துப்பாக்கியைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்பினால் அது ஒரு செய்தியாகிவிடும். கடற்கரையில் விட்டுவைக்கவும் பயம். 1942 மே கடைசியில் மிட்வே தீவை நோக்கி ஜப்பான் கடற்படை வருவது தெரிந்த நிலையில், இரண்டு ரெஜிமென்ட்களிலும் இருந்த நிஸெய் வீரர்களைப் பிரித்தெடுத்து ஒரே தொகுப்பாக்கி, ஜூன் 5 அன்று மாவி என்ற கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். மிட்வே சண்டை அப்போது நடந்துகொண்டிருந்தது. எங்கே போகிறோம் என்று ஏறியவர்களுக்கும் தெரியாது, வீட்டுக்கும் சொல்லவில்லை. 100-ஆவது பட்டாலியன் பிறந்த கதை இதுதான். இவர்களை நம்பி ஒரு படை அமைப்போம் என்று அன்று யாரும் திட்டம் போடவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாத ஆட்களை முதலில் ஹவாயை விட்டு அகற்றினார்கள், அகற்றிய பிறகு ஒரு எண் கொடுத்தார்கள்.

விஸ்கான்சினில் கேம்ப் மெக்காய், அப்புறம் 1943 ஜனவரியிலிருந்து மிசிசிப்பியில் கேம்ப் ஷெல்பி என்று ஒரு வருஷத்துக்கு மேல் பயிற்சி நடந்தது. சாதாரணப் பட்டாலியன் 900 பேர் அளவில் இருக்கும். இவர்கள் அதைவிட மிக அதிகம் என்பதால் வழக்கமான ஏ, பி, சி, டி கம்பெனிகளுக்கு மேல் இ, எஃப் என்று இரண்டு கூடுதல் கம்பெனிகள் வைக்க வேண்டியிருந்தது. தலைமை லெப்டினன்ட் கர்னல் ஃபரன்ட் டர்னர், ஹவாயிலேயே வளர்ந்த வெள்ளைக்காரர், முதல் உலகப்போரைப் பார்த்தவர். பையன்கள் அவரை ‘கிழவர்’ என்பார்கள், பாசமாகத்தான். தங்கள் பட்டாலியனைத் தங்களுக்குள் ‘ஒன் புக்கா புக்கா’ என்று அழைத்துக்கொண்டார்கள். ஹவாய் மொழியில் ‘புக்கா’ என்றால் ஓட்டை, அதாவது பூஜ்யம். கொடியில் போட்ட முழக்கம் ‘பேர்ல் ஹார்பரை மறவாதே’. ஜப்பானிய முகங்கள் தூக்கிப் பிடித்த முழக்கம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

சந்தேகம் போய்விட்டதா என்றால் இல்லை. பயிற்சிக் காலத்தில் இந்தப் பட்டாலியனிலிருந்து ஒரு சிறு குழுவை மிசிசிப்பிக் கடலோரத்தில் உள்ள கேட் ஐலண்டுக்கு அனுப்பினார்கள். ஜப்பானியர்களுக்கென்று தனி வாசனை இருக்கிறது, அதை நாய்களுக்குப் பழக்கினால் பசிபிக் தீவுகளில் ஒளிந்திருக்கும் எதிரியை மோப்பம் பிடிக்கலாம் என்று ஒருவர் ராணுவத்தை நம்ப வைத்திருந்தார். நிஸெய் வீரர்களைப் புதரில் ஒளியச் சொல்லி அவர்கள் மேல் நாய்களை ஏவிப் பழக்கினார்கள். சோதனை தோற்றது. அமெரிக்காவில் பிறந்து அமெரிக்க ராணுவ ரேஷன் சாப்பிட்டவனிடம் என்ன தனி வாசனை வரும் என்று ஆரம்பத்திலேயே ஒருவருக்கும் தோன்றவில்லை போல.

இன்னொரு பக்கம், பயிற்சியில் இவர்கள் காட்டிய தரம் வாஷிங்டனில் எடுபட்டது. ஹவாயில் பட்டாளத்திலிருந்து நீக்கப்பட்ட நிஸெய் மாணவர்கள் சம்பளத்தைப் பற்றிக் கவலைப்படாமல் கூலி வேலைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று போய் நின்றதும் சேர்ந்துகொள்ள, 1943 பிப்ரவரியில் முழுக்க நிஸெய்களால் ஆன 442-ஆவது ரெஜிமென்ட்டை அமைப்பதாக அறிவிப்பு வந்தது. ஹவாயில் 1,500 பேர் கேட்டார்கள், பத்தாயிரம் பேர் அளவில் வந்தார்கள். பெருநிலத்தில் 3,000 எதிர்பார்த்தார்கள், வந்தது 1,200 அளவுதான். இந்த வித்தியாசத்தைத் தேசபக்தியின் அளவுகோலாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹவாய்ப் பையன் வீட்டிலிருந்து கிளம்பி வந்தான். பெருநிலத்துப் பையனிடம், அப்பா அம்மாவை அடைத்து வைத்திருக்கும் முகாமுக்குள்ளேயே போய் ‘சேருகிறாயா’ என்று கேட்டார்கள். 1,200 வந்ததே பெரிய விஷயம்.

442 இன்னும் பயிற்சியில் இருக்கும்போதே 100-ஆவது பட்டாலியன் கப்பலேறி, 1943 செப்டம்பர் 2 அன்று அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்தில் இறங்கியது. அங்கேயும் அதே கேள்வி: எங்கே வைப்பது? சரக்கு ரயில்களுக்குக் காவல் போகட்டும் என்ற யோசனை வந்தபோது, நாங்கள் சண்டைக்கு வந்தவர்கள் என்று டர்னர் விடாப்பிடியாக நின்றார். கடைசியில் 34-ஆவது டிவிஷனில், சிவப்புக் காளைச் சின்னம் போட்ட டிவிஷன் அது, 133-ஆவது ரெஜிமென்ட்டில் ஒரு இடம் காலியாக இருந்தது. அதன் இரண்டாவது பட்டாலியன் அல்ஜியர்ஸில் ஐசன்ஹோவரின் தலைமையகத்துக்குக் காவலாகப் போயிருந்தது. அந்த ஓட்டையில் 100-ஐச் செருகினார்கள். இரவல் இடம்தான், ஆனாலும் போர்முனை கிடைத்தது.

செப்டம்பர் 22 அன்று இத்தாலியின் சலெர்னோ கடற்கரை. கரையிறங்கியவர்கள் சுமார் 1,300 பேர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்து, 29-ஆம் தேதி, முதல் சாவு. சார்ஜென்ட் ஷிகெயோ ‘ஜோ’ தகாடா, ஹவாயில் பேர்போன பேஸ்பால் ஆட்டக்காரர். இயந்திரத் துப்பாக்கி எங்கிருந்து சுடுகிறது என்று பார்க்க முன்னே போனவர் அடிபட்டு விழுந்தார், விழுந்த பிறகும் அது இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் இறந்தார். அதன் பிறகு மழை, சேறு, கண்ணிவெடி, வோல்டுர்னோ ஆறு. வளைந்து வளைந்து போகும் அந்த ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டியிருந்தது. பாலங்களை ஜெர்மானியர்கள் உடைத்துவிட்டுப் பின்வாங்குவார்கள், அடுத்த மலைமேல் போய் உட்கார்ந்து பீரங்கி அடிப்பார்கள், இவர்கள் ஏறிப் பிடிப்பதற்குள் அதற்கடுத்த மலைக்குப் போயிருப்பார்கள். இத்தாலிப் போர் முழுக்க இப்படித்தான். ஒவ்வொரு மலைக்கும் ஒரு கட்டணம், செலுத்தினால் அடுத்த மலை தெரியும்.

நவம்பர் 29-இல் செரசுவோலோ அருகே நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அந்தக் கட்டணம் எப்படிச் செலுத்தப்பட்டது என்பதற்கு இது போதும். ஒரு பிளாட்டூனின் இடப்பக்கத்தை நாற்பது ஜெர்மானியர்கள் தாக்குகிறார்கள். அங்கே இருப்பது மிகியோ ஹசெமோட்டோ என்ற தானியங்கித் துப்பாக்கிக்காரரும் அவருடைய குழுத்தலைவர் ஆலன் ஓஹாடாவும். ஹசெமோட்டோ நான்கு மேகஸின் தீர்த்த நிலையில் அவருடைய துப்பாக்கி குண்டுபட்டு உடைகிறது. பின்னால் ஓடி இன்னொன்றை எடுத்து வருகிறார், அது சிக்கிக்கொள்கிறது. மறுபடி ஓடி, சாதாரண ரைஃபிள் ஒன்றை எடுத்து வருகிறார். கடைசியில் எதிரே மூன்றே பேர் மிஞ்சியிருந்தபோது இருவரும் எழுந்து முன்னே பாய்கிறார்கள். மறுநாள் அதே இடத்தில் அடுத்த தாக்குதல். ஹசெமோட்டோ அதில் இறந்தார். இரண்டு பேருக்கும் அன்று கிடைத்தது இரண்டாம் நிலைப் பதக்கமான டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ். இந்த ‘இரண்டாம் நிலை’ என்பதற்கு அரை நூற்றாண்டு கழித்து ஒரு தொடர்ச்சி உண்டு.

டர்னர் அக்டோபர் இறுதியிலேயே தலைமையிலிருந்து விடுவிக்கப்பட்டார். பையன்கள் சாவதை அவரால் தாங்க முடியவில்லை என்பார்கள். கூடுதலாக இருந்த இ, எஃப் கம்பெனிகளைக் கலைத்து அந்த ஆட்களைக் கொண்டு மற்ற கம்பெனிகளின் ஓட்டைகளை அடைத்தார்கள். கைவசம் இருந்த இருப்பு அதோடு முடிந்தது.

அடுத்தது காஸினோ.

1944 ஜனவரியில் அந்த ஊருக்கு முன்னால் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் அங்கே நடந்தது விளங்கும். ரபீடோ ஆற்றை ஜெர்மானியர்கள் திருப்பிவிட்டு சமவெளியை முழங்கால், இடுப்பு அளவுச் சேற்று நீராக்கியிருந்தார்கள். மறைவுக்கு ஒன்றும் இருக்கக் கூடாதென்று மரங்களை வெட்டியிருந்தார்கள், தண்ணீருக்கடியில் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். அதைத் தாண்டினால் ஆற்றின் சுவர், அதைத் தாண்டினால் முள்கம்பி, அதற்குப் பின் மலை, மலைமேல் மடாலயம். இந்தப் பக்கம் ஒரு ஆள் அசைந்தாலும் அங்கிருந்து தெரியும். ஜனவரி 24 இரவில் ஏ, சி கம்பெனிகள் கண்ணிகளைக் கையால் தடவித் தேடிக்கொண்டே முன்னேறி ஆற்றுச் சுவரை அடைந்தன. அவர்களுக்குத் துணையாக பி கம்பெனியைப் பகல் வெளிச்சத்தில் அனுப்பினார்கள். மறைப்புக்குப் போட்ட புகைமூட்டத்தைக் காற்று கலைத்துவிட்டது. கிளம்பியவர்கள் 187 பேர், சுவர்வரை போய்ச் சேர்ந்தவர்கள் 14 பேர் என்பதுதான் அந்தப் பட்டாலியன்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. மற்ற எல்லாருமே செத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, அடிபட்டும் சேற்றில் படுத்தும் திரும்பியவர்கள் உண்டு. ஆனால் ஒரு கம்பெனி என்ற அளவில் அது அன்று இல்லாமல் போனது.

பட்டாலியனைப் பின்னுக்கு இழுத்து, மூச்சு விடக் கொஞ்ச நாள் கொடுத்து, பிப்ரவரி இரண்டாம் வாரம் மறுபடி அனுப்பினார்கள். இந்த முறை மடாலயத்துக்குக் கீழே இருக்கும் கோட்டைக் குன்றுப் பக்கம் போய் நான்கு நாள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பக்கவாட்டில் வர வேண்டிய படைகள் வர முடியாததால் திரும்ப வேண்டியதாயிற்று. 34-ஆவது டிவிஷனே தேய்ந்து போயிருந்தது. அதன் இடத்தைப் பிப்ரவரி நடுவில் எடுத்துக்கொண்டது 4-ஆவது இந்திய டிவிஷன். நம் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் 12-ஆவது ஃபீல்டு கம்பெனி அதில்தான் இருந்தது. அதற்கப்புறம் மடாலயத்தை வானிலிருந்து குண்டு போட்டுத் தரைமட்டமாக்கியும், இந்தியர்களும் நியூசிலாந்துக்காரர்களும் மோதிப் பார்த்தும், கடைசியில் மே 18 அன்றுதான் போலந்துப் படை மேலே கொடியேற்றியது. நான்கு பெரிய தாக்குதல்கள் தேவைப்பட்ட இடத்துக்கு முதல் தாக்குதலில் தேய்ந்துபோன ஒரு டிவிஷனை அனுப்பியிருக்கிறார்கள். அந்த டிவிஷன் வெற்றிக்கு மிக அருகில் போனது என்று பிற்பாடு பல ராணுவ வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். அருகில் போனதில் இந்தப் பையன்களுக்கு என்ன லாபம் என்பது வேறு விஷயம்.

சலெர்னோவில் இறங்கிய 1,300 பேரில் காஸினோவுக்குப் பின் சண்டைக்குத் தகுதியாக மிஞ்சியவர்கள் 521. பத்திரிகைகள் ‘பர்ப்பிள் ஹார்ட் பட்டாலியன்’ என்று பெயர் வைத்தது இப்போதுதான். பர்ப்பிள் ஹார்ட் என்பது எதிரியால் காயம்பட்டவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் தரப்படும் பதக்கம். பெயர் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஐந்து மாதத்தில் பாதிக்கு மேல் காலி என்பதைத்தான் அது அழகாகச் சொல்கிறது.

இங்கேதான் நான் முதலில் சொன்ன மூன்றாவது கேள்வி வருகிறது. வேறெந்தப் பட்டாலியன் இப்படித் தேய்ந்திருந்தாலும் மாற்று வீரர் கிடங்கிலிருந்து, அயோவாக்காரனோ டெக்சாஸ்காரனோ, யாரையாவது அனுப்பி நிரப்பிவிடுவார்கள். 100-க்கு அப்படி முடியாது, விதிப்படி நிஸெய்தான் வர வேண்டும். உலகத்தில் நிஸெய் காலாட்படை வீரர்கள் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த பெரிய இடம் ஒன்றுதான், ஷெல்பியில் இருந்த 442. ஆகவே அங்கிருந்து உருவினார்கள். முதல் தொகுதி 1944 மார்ச்சில் வந்தது, அடுத்தடுத்தும் வந்தது. இப்படி உருவி உருவி 442-இன் முதல் பட்டாலியன் கிட்டத்தட்ட வெற்றுக்கூடாகிவிட்டது. 442 கடைசியில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது இரண்டு பட்டாலியன்களோடுதான் போனது, முதல் பட்டாலியனின் மிச்சம் மாற்று ஆட்களைத் தயாரிக்க ஷெல்பியிலேயே தங்கியது.

அதுவும் போதாது என்பது தெரிந்துதான் இருந்தது. 1942-இலிருந்து நிஸெய்களைக் கட்டாயச் சேவைக்கு எடுப்பதில்லை என்று வைத்திருந்த போர்த்துறை, 1944 ஜனவரியில் அதை மாற்றி, முகாமுக்குள் இருப்பவர்களுக்கும் அழைப்பாணை அனுப்பப்படும் என்று அறிவித்தது. முகாம் வாயிலில் காவலாளி துப்பாக்கியோடு நிற்கிறான், உள்ளே தபாலில் ‘உன் நாட்டுக்காகப் போராட வா’ என்று கடிதம் வருகிறது. பெரும்பாலானோர் போனார்கள். வயோமிங்கில் ஹார்ட் மவுண்டன் முகாமில் ஒரு கூட்டம், எங்கள் குடும்பத்தை வெளியே விடுங்கள், குடியுரிமையைத் திருப்பிக் கொடுங்கள், அப்புறம் வருகிறோம் என்று மறுத்தது. 63 பேர் மீது ஒரே வழக்கு, அத்தனை பேருக்கும் மூன்று வருஷச் சிறை. 1947 டிசம்பரில் ட்ரூமன் மன்னிப்பு வழங்கினார். போனவர்களும் மறுத்தவர்களும் பல பத்தாண்டுகள் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. தனியாகப் பிரித்து வைத்த ஒரு பட்டாலியன், ஒரு மலையடிவாரத்தில் ஆட்களை இழந்ததன் அலை இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அதனால்தான் இந்தப் படைவரலாற்றை வெறும் சண்டைப் பட்டியலாகப் படித்தால் பாதி போய்விடும் என்கிறேன்.

சரி, போர்முனைக்குத் திரும்புவோம். புது ஆட்களோடு பட்டாலியன் மார்ச் கடைசியில், ரோமுக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள அன்ஸியோவுக்குப் போனது. அங்கே இரண்டு தரப்பும் குழிக்குள் உட்கார்ந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த நேரம். பெரிய தாக்குதலுக்கு முன், எதிரே ஜெர்மன் டாங்கிப் படை எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும், அதற்கு உயிரோடு ஒரு கைதி வேண்டும். லெப்டினன்ட் யங் ஓக் கிம் நான் போகிறேன் என்றார். இவர் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த கொரிய வம்சாவளிக்காரர். ஷெல்பியில் பட்டாலியனில் சேர வந்தபோது, கொரியருக்கும் ஜப்பானியருக்கும் ஒத்து வராதே, வேறு இடத்துக்கு மாற்றித் தரட்டுமா என்று டர்னர் கேட்க, அவர்களும் அமெரிக்கர்கள் நானும் அமெரிக்கன், இங்கேயே இருக்கிறேன் என்றவர். மே நடுவில், இர்விங் அகஹோஷி என்ற வீரரோடு கோதுமை வயலில் ஊர்ந்து ஜெர்மன் வரிசைக்குள் புகுந்து, பட்டப்பகலில் இரண்டு ஜெர்மானியர்களைப் பிடித்து அதே வழியில் ஊர்ந்து திரும்பினார். கிடைத்த தகவல் ரோமை நோக்கிய உடைப்புக்கு நேரடியாகப் பயன்பட்டது. பிற்பாடு கொரியப் போரில் இதே கிம் ஒரு அமெரிக்கப் பட்டாலியனுக்குத் தலைமை தாங்கினார். இனம் பார்த்துப் பிரிக்காத ஒரு பட்டாலியனுக்குச் சிறுபான்மை இனத்திலிருந்து வந்த ஒருவர் போர்க்களத்தில் தலைமை தாங்கியது அதுவே முதல் முறை என்பார்கள்.

ஜூன் தொடக்கத்தில் லனூவியோ. ரோமுக்கு முந்தைய கடைசிப் பெரிய தடுப்பு அது, மற்ற பட்டாலியன்கள் முட்டி நின்ற இடம், 100 அதை ஒன்றரை நாளில் உடைத்தது. ரோம் நகரம் இன்னும் சில மைல் என்று இருக்கும்போது நிற்கச் சொல்லி உத்தரவு. ரோட்டோரம் நின்றார்கள். டாங்கிகளும் லாரிகளும் அவர்களைத் தாண்டி, பூமழைக்கும் படமெடுப்புக்கும் ரோமுக்குள் போயின. ராணுவக் காரணம் இருந்திருக்கலாம், வண்டியில் போகும் படையை முன்னே விடுவது வழக்கம்தான். ஆனால் நின்றவர்கள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

ரோமுக்கு வடக்கே 442 வந்து சேர்ந்தது. இல்லாத முதல் பட்டாலியனின் இடத்தில் 100 உட்கார்ந்தது. தன் எண்ணை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை, 442-இல் முதல் பட்டாலியன் என்றால் அது 100-ஆவது பட்டாலியன் என்று ராணுவமும் ஒத்துக்கொண்டது. ரெஜிமென்ட் இல்லாத பட்டாலியனுக்கு இரண்டு வருஷம் கழித்து ரெஜிமென்ட் கிடைத்தது. அதுவும் தன்னை நிரப்புவதற்காகக் காலியாக்கப்பட்ட இடத்திலேயே.

ஜூன் 26 அன்று பெல்வெடேர். புதிதாக வந்த 442-இன் இரண்டு பட்டாலியன்களும் முதல் சண்டையில் திணறியபோது, பின்னால் இருந்த 100 இரண்டு ஜெர்மன் படைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் புகுந்து மேலேறி, பின்பக்கமாக வந்து அடித்தது. குறைந்தது 178 ஜெர்மானியர்கள் இறந்தார்கள். இவர்கள் தரப்பில் நான்கு சாவு, ஏழு காயம். ஜனாதிபதியின் படைப்பிரிவுப் பாராட்டு இதற்குக் கிடைத்தது. காஸினோவையும் பெல்வெடேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் அதே பட்டாலியன், அதே துணிச்சல். ஒன்றில் எங்கே போக வேண்டும் என்பதை மேலிருப்பவர்கள் வரைபடத்தில் கோடு போட்டுச் சொன்னார்கள், இன்னொன்றில் களத்தில் நின்ற அதிகாரிகளே இடைவெளி தேடிப் போனார்கள்.

அக்டோபரில் பிரான்ஸின் வோஜ் மலைக்காடு. இங்கே மேலே இருந்தவர் 36-ஆவது டிவிஷனின் மேஜர் ஜெனரல் ஜான் டால்க்விஸ்ட். ப்ரூயேர் என்ற ஊரைச் சுற்றியிருந்த குன்றுகளைப் பிடித்து ஊரை மீட்டார்கள், உடனே அடுத்த மலை, அதையடுத்து பிஃபோன்டேன் கிராமம். அங்கே மற்ற படைகளைவிட வெகுதூரம் முன்னே தள்ளப்பட்ட 100 தனியாக மாட்டிக்கொண்டு தோட்டா தீரும் நிலைக்கு வந்தது. இரண்டு நாள் ஓய்வு கிடைத்திருக்கும். அதற்குள் அதே டிவிஷனின் 141-ஆவது ரெஜிமென்ட்டைச் சேர்ந்த ஒரு பட்டாலியன், அதுவும் இதே ஜெனரல் முன்னே தள்ளியதுதான், எதிரி வளையத்துக்குள் சிக்கிக்கொண்டது. அதன் சகப் பட்டாலியன்கள் முயன்று முடியாமல் போக, 442-ஐக் கூப்பிட்டார்கள். மழையிலும் பனிமூட்டத்திலும் மரத்துக்கு மரம் சண்டை போட்டு அக்டோபர் 30 அன்று 211 பேரை மீட்டார்கள். வோஜ் காட்டில் ஒரு மாதத்துக்குள் இந்த ரெஜிமென்ட்டில் இறந்தும் காயம்பட்டும் போனவர்கள் 800-க்கும் மேல். நவம்பர் 12 அன்று அணிவகுப்பில் ஜெனரல் வந்து பார்த்து, எல்லாரையும் வரச் சொன்னேனே, மற்றவர்கள் எங்கே என்று கோபப்பட, மிஞ்சியது இவ்வளவுதான் ஐயா என்று பதில் சொன்னார்களாம். 100-இன் அப்போதைய தலைவர் லெப்டினன்ட் கர்னல் கார்டன் சிங்கிள்ஸ் பல வருஷம் கழித்து ஒரு விழாவில் இந்த ஜெனரல் நீட்டிய கையைக் குலுக்க மறுத்துவிட்டார் என்ற கதையும் உண்டு.

தெற்கு பிரான்ஸில் குளிர்காலக் காவல், கொஞ்சம் ஓய்வு, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இத்தாலியில் ஜெனரல் மார்க் கிளார்க் இவர்களைத் திரும்பக் கேட்டு வாங்கினார். வட இத்தாலியில் ஜெர்மானியர்கள் அமைத்திருந்த தடுப்பு வரிசையான காத்திக் கோட்டை உடைக்க முடியாமல் பல மாதமாகப் போர் நின்றிருந்தது. அதன் மேற்கு முனையில், 1945 ஏப்ரல் 5 அதிகாலை, மூன்றாவது பட்டாலியன் இருட்டில் செங்குத்துப் பாறையேறிப் பின்பக்கம் வர, 100 முன்பக்கமாக மோதியது. அன்றுதான் சடாவோ முனெமோரி, தன் குழுத்தலைவர் அடிபட்டதும் தலைமை ஏற்று, இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளை எறிகுண்டால் ஒழித்துவிட்டுக் குழிக்குத் திரும்பும்போது உருண்டு வந்த எறிகுண்டின் மேல் விழுந்து இரண்டு தோழர்களைக் காப்பாற்றி இறந்தார். அவருடைய குடும்பம் அப்போது கலிபோர்னியாவின் மன்ஸனார் முகாமில் இருந்தது. மே 2 அன்று இத்தாலியில் போர் முடிந்தது.

முனெமோரிக்கு 1946-இல் மெடல் ஆஃப் ஹானர் கொடுத்தார்கள். போர்க்காலத்தை ஒட்டி ஒரு நிஸெய்க்குக் கிடைத்த உச்சப் பதக்கம் அது ஒன்றுதான். மொத்த ரெஜிமென்ட்டிலும் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இரண்டாம் நிலைப் பதக்கம் வாங்கியிருக்க, முதல் நிலைக்கு ஒரே ஒருவர்தான் தேறினாரா என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். 1996-இல் ஹவாய் செனட்டர் டேனியல் அகாகாவின் முயற்சியில் அந்தக் கோப்புகளைத் திரும்பப் பார்க்கச் சட்டம் வந்தது. 2000 ஜூன் 21 அன்று கிளின்டன் 22 ஆசிய அமெரிக்கர்களுக்கு மெடல் ஆஃப் ஹானர் வழங்கினார், அதில் 20 பேர் 100, 442-ஐச் சேர்ந்தவர்கள். ஹசெமோட்டோவும் ஓஹாடாவும் அந்தப் பட்டியலில் உண்டு. இருவருமே அப்போது உயிரோடு இல்லை.

100-ஆவது பட்டாலியனின் மொத்தக் கணக்கு: 330-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், 1,700 அளவுக்குப் பர்ப்பிள் ஹார்ட் வழங்கப்பட்டது. ஓக்லண்டில் இறங்கியவர்களின் எண்ணிக்கையைவிட இது அதிகம். 442-இலிருந்தும் முகாம்களிலிருந்தும் மாற்று ஆட்களாக வந்தவர்களையும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிபட்டவர்களையும் சேர்த்தால்தான் இந்தக் கூட்டல் சரியாக வரும்.

1946 ஜூலை 15 அன்று வாஷிங்டனில் மழையில் நின்ற ரெஜிமென்ட்டைப் பார்த்து ட்ரூமன், நீங்கள் எதிரியோடு மட்டுமல்ல, தப்பெண்ணத்தோடும் போராடி வென்றீர்கள் என்றார். நல்ல பேச்சு. ஆனால் அந்த வருஷம் முகாமிலிருந்து திரும்பிய குடும்பங்கள் பலவற்றுக்கு வீடும் நிலமும் கடையும் கையை விட்டுப் போயிருந்தன. நஷ்டஈடு என்று உருப்படியாக ஒன்று வர 1988 வரை ஆனது. அரசு மன்னிப்பு கேட்டு, முகாமில் இருந்து இன்னும் உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் தரும் அந்தச் சட்டத்தை செனட்டில் ஆள் ஆளாகப் பிடித்துப் பேசிக் கரையேற்றியவர் ஹவாய் செனட்டர் ஸ்பார்க் மட்சுனாகா. 1942-இல் மாவி கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டு, இத்தாலியில் கண்ணிவெடியில் அடிபட்ட, 100-ஆவது பட்டாலியன் அதிகாரி. கீழவையில் அந்த மசோதாவுக்குக் கேட்டு வாங்கிய எண் 442.